இடது பக்கம் திரும்பாத முத்து

சுங் ரூய்லான் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கோபம் இருந்தது. எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வெடித்தால் அத்தோடு சரி, அடுத்த கோப்பை தேநீருக்குள் ஆறிவிடுவேன். இவள் விஷயத்தில் மட்டும் அந்தக் கோபம் ஆறவே இல்லை. காரணம் ரொம்பச் சின்னது. எதைச் செய்தாலும் "நான் செஞ்சேன்" என்று அவள் வாயிலிருந்து வராது.

நுண்ணோக்கியின் விளக்கு சரியாக விழாமல் எல்லோர் உயிரையும் எடுக்கும். இவள் ஒரு நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிசெய்திருப்பாள். எங்கள் பேராசிரியர் கூ சார் வந்து, "அட, யாரு சரி பண்ணது?" என்று கேட்பார். இவள் தலையை நிமிர்த்தி மின்பெருக்கியின் மேலே பார்ப்பாள். அங்கே ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும்.

"புதுப் பொட்டலம் வச்சோம் சார். அதான்."

கேட்டுக்கொண்டு நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சிஞ்சு ஊரில் பச்சைப் பொட்டலம் இல்லாமல் எந்தக் கருவியும் ஓடாது. உள்ளே இருப்பது தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரி. உறையில் போட்டிருக்கும் பெயருக்கே 'சமத்தா இரு' என்றுதான் அர்த்தம். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் கருவி முரண்டு பிடிக்கும். காலாவதித் தேதி தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பிரிக்கக் கூடாது, தின்னவே கூடாது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று எங்களைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்போம். எடுத்துவிடு என்றால் ஒருத்தரும் எடுக்க மாட்டோம்.

எங்கள் வேலை முத்து ஓட்டுவது. கடைகளில் பால் தேநீரில் போட்டுத் தருகிற மெல்லும் மாவு முத்து இல்லை. பெயர் என்னவோ அங்கிருந்துதான் வந்தது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துப் பதினைந்தை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு பொடி உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டும் தங்கம் பூசியிருக்கும். பூசுவது என் பொறுப்பு. கண்ணாடித் தகட்டில் முத்துகளைப் பரப்பி, தகட்டைச் சாய்த்து வைத்து, தங்கத்தை ஆவியாக்கி அடிப்பேன். சாய்வாக அடிப்பதால் பூச்சு கோணலாக விழும். அந்தக் கோணல்தான் எல்லா வேடிக்கைக்கும் காரணம்.

இந்த முத்தைத் தண்ணீரில் விட்டு, மின்பெருக்கி வழியாக மின்புலம் கொடுத்தால், தங்கம் இருக்கும் பக்கத்தில் தண்ணீர் வேகமாக நழுவி முத்தை முன்னால் தள்ளும். பூச்சு கோணலாக இருப்பதால் முத்து நேராகப் போகாது. உருண்டுகொண்டே போகும். திருகாணியின் மரை எப்படிச் சுற்றிச் சுற்றி முன்னேறுகிறதோ அப்படி ஒரு சுருள் பாதை. முதன்முதலில் திரையில் அதைப் பார்த்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். இன்றைக்கும் பார்த்தால் குதிக்கத்தான் தோன்றுகிறது! மின்புலம் நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் துடிக்கிறதோ, அதைப் பொறுத்துச் சுருள் இறுகும், தளரும். துடிப்பை ரொம்ப ஏற்றிவிட்டால் முத்து நகராது. ஆனால் புலத்துக்குத் தோதாக முகத்தை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும். அது ஒரு தொந்தரவு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரூய்லானுக்கு முப்பத்து நாலு வயது, என்னைவிடப் பெரியவள் என்பதால் அக்கா என்பேன். கோயில் தெருவுக்குப் பின்னால் அவள் அம்மா காலை உணவுக் கடை வைத்திருக்கிறார். விடிந்ததிலிருந்து கூட்டம் குறைகிற வரைக்கும் ரூய்லான் கல்லில் முட்டை அடை போடுவாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு எங்கள் கூடத்துக்கு வருவாள். எவ்வளவு கழுவினாலும் வெங்காயத்தாள் வாசனை போகாது. அவள் வந்துவிட்டாள் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

அவள் அம்மாவுக்கு இந்த முத்து விவகாரமே பிடிக்காது. நான் அடை தின்னப் போனால், கல்லைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்துவிடுவார்.

"வா வான்திங். உங்க அக்கா ஏழு வருஷமா தூசி மேய்க்கிறாளே, அது எப்போ வீடு வந்து சேரும்?"

"வந்துடும் அத்தை."

"ரெண்டு மாடு மேய்ச்சிருந்தாக்கூட இந்நேரம் கன்னு போட்டிருக்கும். அந்தத் தூசிக்கு என்னதான் நோவாம்?"

"இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது அத்தை."

"அப்போ வலது பக்கமா போகச் சொல்ல வேண்டியதுதானே!"

அங்கேதான் சிக்கலே. வலது பக்கம் போகச் சொன்னாலும் அது கேட்காது. தன் இஷ்டத்துக்குத்தான் போகும். சுருளாக முன்னே போவதை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம், சொன்ன இடத்துக்குச் சொன்னபடி திருப்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி. ரூய்லானின் தேர்வுக் குழு முந்தைய ஆண்டே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. ஒரு நாற்சந்தி செய்யுங்கள், நாங்கள் சொல்கிற பக்கம் முத்தைத் திருப்பிக் காட்டுங்கள், திருப்பினால் முனைவர் பட்டம். திருப்பாவிட்டால்? ஏழாவது வருஷத்தோடு கெடு முடிகிறது. கோடை முடிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் காலம் பூராவும் அடைக்கல்தான்.

நாற்சந்தி தயாரானது. கண்ணாடிமேல் பிசின் பூசி, ஒளியால் செதுக்கி, கூட்டல் குறி மாதிரி நாலு சந்து. நாலு முனையிலும் மின்தகடு. கீழிருந்து முத்து சுருண்டு சுருண்டு மேலே வரும். நட்ட நடுவுக்கு வந்ததும் மேல்-கீழ் தகடுகளை அணைத்துவிட்டு இடம்-வலம் தகடுகளைப் போடுவோம். அந்தக் கணத்தில் முத்து எந்தப் பக்கம் உருண்டுகொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். ஒரு தடவை வலது, ஒரு தடவை வந்த வழியே பின்னால், முக்கால்வாசி நேரம் நேரே சுவரில். சுவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அத்தோடு அந்த முத்தின் கதை முடிந்தது.

"வேகமா மாத்தணும். உருளறதுக்குள்ள மாத்திடணும்" என்றார் கூ சார். எங்கள் பேராசிரியர் நல்ல மனுஷர், ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து வேகம். நானும் அதே சாதிதான். ஒரு மாதம் உட்கார்ந்து மின்னல் வேகத்தில் மாற்றும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தேன். முத்து இப்போது மின்னல் வேகத்தில் சுவரில் போய் ஒட்டியது.

அந்தக் கடுப்போடுதான் மறுநாள் காலை ரூய்லானை என் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் வண்டி பழுது. காற்று வேறு ஆளைத் தூக்குகிற மாதிரி அடித்தது. பெரிய நாற்சந்தியில் நான் இடது பக்கம் போக வேண்டும். எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும், அதனால் ஸ்கூட்டர்கள் எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே நேராக இடது பக்கம் வெட்டித் திரும்பக் கூடாது. முதலில் நேரே கடந்து போக வேண்டும். எதிர் மூலையில் சாலையில் வெள்ளைப் பெட்டி போட்டிருக்கும். அதற்குள் நின்று, வண்டியின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை விழும் வரைக்கும் காத்திருந்து அப்புறம் போக வேண்டும். எனக்கு அன்றைக்கு அந்தப் பொறுமையெல்லாம் எங்கே இருந்தது! சர்ரென்று வெட்டினேன்.

விசில் ஊதியது.

"ஏம்மா, ரெண்டு கட்டமா திரும்பணும்னு இவ்வளவு பெரிய போர்டு வச்சிருக்கு. கண்ணு தெரியலையா?" என்றார் போலீஸ்காரர்.

"தெரியுது சார். அவசரம்."

"அவசரம்னா பறந்து போயிருக்கணும். லைசென்ஸை எடு."

நான் பையைக் குடைந்துகொண்டே காற்றையும் போலீஸையும் என் தலையெழுத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன். ரூய்லான் இறங்கி நின்று நாற்சந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வான்திங்... அந்தச் சிவப்புச் சட்டைக்காரரைப் பாரேன்."

"எனக்கு இப்போ அவரைப் பார்க்கிறதுதான் குறைச்சல்!"

"நேரா வந்தாரு. நின்னாரு. வண்டி மூஞ்சியை மட்டும் திருப்பி வச்சுக்கிட்டாரு. இப்போ பச்சைக்காகக் காத்துட்டிருக்காரு."

"எல்லாரும் அப்படித்தானே அக்கா திரும்புறாங்க? நான் ஒருத்திதான் மாட்டினேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். பிடி இறுகி வலித்தது. "நம்ம முத்துக்குப் பெட்டியே போடலையே, வான்திங்!"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. துடிப்பை ரொம்ப ஏற்றினால் முத்து நகராது, முகத்தை மட்டும் திருப்பும்! அதைத் தொந்தரவு என்று ஒதுக்கி வைத்திருந்தோமே, அதுதான் பெட்டி! நாற்சந்தி நடுவில் அதை நிறுத்து. புதுப் பக்கத்துத் தகடுகளைப் போடு, ஆனால் துடிப்பை உச்சத்தில் வை. நின்ற இடத்திலேயே முகம் திரும்பட்டும். திரும்பியதும் துடிப்பைக் குறை. போய்விடும்!

"சார், உங்களுக்குப் புண்ணியமா போகும், சீக்கிரம் எழுதிக் குடுங்க!" என்று கத்தினேன்.

அபராதச் சீட்டுக்கு இப்படி அவசரப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். "என்ன முத்து? என்ன பெட்டி? குடிச்சிருக்கியா?" என்று என் வாயை மோந்து பார்த்தார். சோயாப் பால் வாசனைதான் வந்திருக்கும்.

கூடத்துக்குப் போய் ரூய்லான் வெள்ளைக் கோட்டுகூட மாட்டவில்லை. நேராக உட்கார்ந்துவிட்டாள். திரையில் முத்து கீழ்ச் சந்திலிருந்து சுருண்டுகொண்டு வந்தது. தங்கம் பூசிய பக்கம் கறுப்பாகத் தெரியும். அது முத்தின் முதுகு. முதுகு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் முத்து போகும். நடுவுக்கு வந்ததும் துடிப்பை ஏற்றினாள். நின்றது. தகடுகளை மாற்றினாள். முத்து அங்கேயே நின்றபடி, அடம் பிடிக்கிற பிள்ளை மாதிரி, மெல்ல மெல்லத் திரும்பியது. கறுப்பு முதுகு வலது பக்கம் வந்தது. துடிப்பைக் குறைத்தாள்.

இடது சந்துக்குள் சுருண்டு சுருண்டு போனது பாருங்கள்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து கூ சார் சாப்பாட்டுக் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் இடது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"யாரு யோசனை இது?"

நான் ரூய்லானைப் பார்த்தேன். சொல்லு, இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் சார். அப்புறம் இன்னிக்குப் பொட்டலம் நல்லா இருந்துச்சு" என்றாள்.

சார் போன பிறகு நான் வெடித்தேன். "அப்போ பொட்டலத்துக்கே பட்டத்தைக் குடுக்கச் சொல்றேன். நீ போய் மாவு கரை! உனக்கு வாய்னு ஒண்ணு எதுக்குத்தான் இருக்கு?"

அவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "நான்தான்னு சொல்லிட்டா, நாளைக்கு அது திரும்பலைன்னா அதுவும் நான்தானே, வான்திங்" என்றாள்.

என் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் அப்படி ஒதுங்குவதற்குள் இப்படி ஒரு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வாய்மொழித் தேர்வு வந்தது. எங்கள் பக்கத்தில் தேர்வுக்கு நிற்கிறவர்தான் தேர்வாளர்களுக்குத் தின்பண்டம் வைக்க வேண்டும். ரூய்லானின் அம்மா அன்றைக்குக் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டார். முட்டை அடை, முள்ளங்கிக் கேக், பெரிய குடுவையில் சூடான சோயாப் பால் எல்லாம் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். கூடவே ஒரு புத்தம்புதுப் பச்சைப் பொட்டலம். கோயிலில் தூபச்சட்டிப் புகையைச் சுற்றிக் காட்டி எடுத்து வந்தது.

"இதைத் தூக்கி உன் மெஷின் தலைமேல வை. சாமி பார்த்துக்கும்" என்று மகளிடம் கொடுத்தார். ரூய்லான் இரண்டு கையாலும் வாங்கி மின்பெருக்கியின் மேல் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வைத்த பிறகுதான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

சாலை வெள்ளைப் பெட்டியை உதாரணம் காட்டிப் பேசிய முதல் பாதி நன்றாகவே போனது. முடிவில் காணொளியைக் காட்டினாள். முத்து நின்று திரும்பி இடது பக்கம் போனது. வெளியிலிருந்து வந்திருந்த ஷீ பேராசிரியர் கையைத் தூக்கினார். முப்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஊர் திரும்பியவர்.

"அழகா இருக்கு. ஆனா நூறு தடவை ஓட்டிட்டு, சரியா வந்த ஒண்ணை மட்டும் யார் வேணாலும் காட்டிடலாமே. எங்களுக்கு இப்போ ஓட்டிக் காட்டுங்க. பக்கத்தை நாங்க சொல்றோம்."

கூ சார் முகம் வெளுத்தது. ரூய்லான் தலையாட்டினாள். நானும் அவளும் உள் அறைக்குப் போய் நாற்சந்திக் கண்ணாடியில் புதுச் சொட்டு விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் பொருத்தினோம். மின்பெருக்கியும் பெரிய திரையும் வெளி அறையில். அங்கேதான் தின்பண்ட மேசையும். நாங்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது கறக் முறக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஷீ பேராசிரியர் மின்பெருக்கியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பச்சைப் பொட்டலம். பிரித்த பொட்டலம்.

"அடடே, சின்ன வயசுல தின்னது! இன்னும் வருதா இது? அதே ருசி!" என்றார். வாயெல்லாம் பொரித்தூள். "யாருக்காவது வேணுமா?"

அவர் ஊரை விட்டுப் போனபோது இந்த வழக்கமே கிடையாது. தின்பண்ட மேசைக்குப் பக்கத்தில் இருந்தது, தின்பண்டம்தானே என்று எடுத்துவிட்டார். மற்ற தேர்வாளர்கள் தரையைப் பார்த்தார்கள். ரூய்லானின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் கத்த வாயைத் திறந்தேன், கூ சார் என் காலை நன்றாக மிதித்தார். தேர்வாளரிடம் போய், ஐயா, நீங்கள் தின்றது எங்கள் அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

நான் படி இறங்கிக் கீழ்க் கடைக்கு ஓடினேன். தேர்வுக் காலம் இல்லையா, பச்சை ஒன்றுகூட இல்லை. தட்டு நிறைய மஞ்சள். மஞ்சளை எடுத்துக்கொண்டு போனால் அத்தை என்னையே கொன்றுவிடுவார். வெறுங்கையோடு மூச்சு வாங்க மேலே வந்தேன். ரூய்லான் என் கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

மின்பெருக்கியின் வெறுந்தலையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"இடது" என்றார் ஷீ பேராசிரியர், விரலைத் துடைத்துக்கொண்டே.

முத்து கீழ்ச் சந்திலிருந்து கிளம்பியது. இறுக்கமான அழகான சுருள். என் பூச்சுதானே, அந்தப் பதற்றத்திலும் எனக்கு ஒரு பெருமை. நடுவுக்கு வந்தது. துடிப்பை ஏற்றினாள், நின்றது. தகடுகளை மாற்றினாள். முத்து திரும்ப ஆரம்பித்தது. கறுப்பு முதுகு இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது! அப்படியே விட்டால் வலது பக்கம் ஓடும்.

ரூய்லான் புலத்தை முழுசாக அணைத்துவிட்டாள்.

அணைத்தால் முத்துக்குப் பிடிப்பே இல்லை, தப்பாகத் திரும்பிய முகமும் கலைந்துவிடும். தண்ணீர் இடிக்கிற இடியில் தள்ளாடிக்கொண்டு, நாற்சந்தியின் மூலைச் சுவரை நோக்கி நகரத் தொடங்கியது. அவள் மறுபடி புலத்தைப் போட்டாள், துடிப்பு உச்சத்தில். முத்து மெல்லத் திரும்பியது. பாதியில் தயங்கியது.

"நின்னு போச்சா?" என்று ஷீ பேராசிரியர் கேட்டார்.

"நிக்கல சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரூய்லானின் அம்மா. வாயைப் பொத்தியிருந்த கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. "காத்துக்கிட்டு இருக்கு. பெட்டியில நிக்கிற வண்டி மாதிரி. பாருங்க, மூஞ்சியைத் திருப்புது!"

சுவருக்கும் முத்துக்கும் நடுவில் இன்னொரு முத்து நுழைய இடம் இல்லை. கூ சாரால் தாங்க முடியவில்லை. மேசைமேல் சாய்ந்து கையை நீட்டினார்.

"ரூய்லான், மாத்து! தொடப் போகுது. இப்போ மாத்து!"

"இல்ல சார்."

"ஒட்டிக்கப் போகுதும்மா!"

"கையை எடுங்க சார். இன்னும் முகம் திரும்பல. நான் பார்த்துக்கிறேன்."

ஏழு வருஷத்தில் அவள் கூ சாரிடம் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சார் நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார். யாரோ என் தோளை இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் அத்தை. எனக்கு மாற்று, மாற்று என்றுதான் கத்தத் தோன்றியது. நானாக இருந்தால் இதற்குள் மாற்றியிருப்பேன், சுவரில் ஒட்டியிருப்பேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கறுப்பு முதுகு நகர்ந்தது. கீழே வந்தது. கொஞ்சம் பின்வாங்கியது. அப்புறம், ஒரேயடியாக முடிவு செய்துவிட்ட மாதிரி, வலது பக்கம் போய் நின்றது.

அவள் துடிப்பைக் குறைத்தாள்.

முத்து சுவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி விலகியது. இன்னொரு சுற்று. சுருள் பிடித்துவிட்டது! இடது சந்தின் நட்ட நடுவில், திருகாணி இறங்குகிற மாதிரி, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. நான் கத்தினேன். அத்தை அதைவிடப் பலமாகக் கத்தினார். "போகுது! போகுது! திரும்பிடுச்சு!" மற்ற தேர்வாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஷீ பேராசிரியர் திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார். "இன்னொரு தடவை, வலது பக்கம்" என்றார், விஷமமாக இல்லை, சின்னப் பையன் கேட்கிற மாதிரி. வலது பக்கமும் போனது. அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் தன் ஆசைக்குத்தான். தேர்வு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

கையெழுத்துப் போட்டு, வாழ்த்துச் சொல்லி, தேர்வாளர்கள் அடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஷீ பேராசிரியரிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, காது மடல் சிவக்க, ரூய்லானுக்கு ஒரு தடவை குனிந்து வணங்கிவிட்டு ஒன்றும் பேசாமல் ஓடிவிட்டார்.

அறையில் நாங்கள் நாலு பேர்தான். அத்தை மின்பெருக்கியின் பக்கத்தில் கிடந்த காலி உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டிய தூளைத் தட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் போய் ஒரு குழப்பம் வந்திருந்தது.

"ஏன் ரூய்லான், இதைத்தான் அந்தாளு தின்னு தீர்த்துட்டாரே. அப்புறம் எப்படி அது திரும்புச்சு?"

ரூய்லான் வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், இப்போது போலீஸ்காரர் வருவார். இல்லாவிட்டால் சாமி. அதுவும் இல்லாவிட்டால், வான்திங் நல்லாப் பூசியிருந்தா. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் வாயை மூடினாள். காலி உறையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கடைசியாக ஓட்டிய முத்து இன்னும் இடது சந்தின் முனையில் சின்னதாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா திருப்பினேன்" என்றாள்.

அத்தை அவளையே பார்த்தார். "என்னது?"

"நான்தான். நான்தாம்மா திருப்பினேன்." இந்தத் தடவை குரல் உடைந்தது.

அத்தை உறையை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தார். கடைசியாக இருந்த ஓர் அடையைத் தட்டோடு எடுத்து மகள் கையில் திணித்தார்.

"ஆறிப் போறதுக்குள்ள தின்னு. கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் எம் பொண்ணு மெஷின் பொட்டலத்தாலதான் ஓடுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில இருந்து எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லணும்."

ரூய்லான் அடையைக் கடித்தபடியே அழுதாள். அதைப் பார்த்து நானும் அழுதேன். பட்டாசு நனைந்துவிட்டது என்று கூ சார் சொன்னார். நான் அவர் மேல் கோபப்படக்கூட இல்லை.